சவூதி இளவரசர் சண்டையைப் பார்த்து வியந்தீர்களா? அதை அரியலூரும் பெரம்பலூரும் நூற்றாண்டுகளுக்கு முன்பே பார்த்தாச்சு, தெரியுமா?

2017 ஜூன் 21. சவூதி அரேபியாவின் பட்டத்து இளவரசர் முகமது பின் நயீஃப் நீக்கப்பட்டார் என்று அறிவிப்பு வருகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தவர் மன்னர் சல்மானின் மகன் முகமது பின் சல்மான், வயது 31. அன்றே உலகமெங்கும் ஓடிய காணொளியில், பதவியைப் பெற்ற தம்பி குனிந்து ஒன்றுவிட்ட அண்ணன் கையை முத்தமிடுகிறார். பதவியை இழந்த அண்ணன் அவருக்கு விசுவாசம் சொல்கிறார். அதே ஆண்டு நவம்பரில் இளவரசர்களும் கோடீஸ்வரர்களும் ரியாத்தின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் அடைக்கப்பட்டார்கள். 2020 மார்ச்சில் பின் நயீஃபே காவலில் வைக்கப்பட்டார்.

இந்தச் சண்டைக்கு வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1953-ல் மன்னர் அப்துல் அஜீஸ் இறந்தபோதே இருக்கிறது! அவருக்குப் பின் ஆண்டவர்கள் சவூத், ஃபைசல், காலித், ஃபஹத், அப்துல்லா, இப்போது சல்மான். ஆறு பேரும் அண்ணன் தம்பிகள், ஒரே அப்பாவின் பிள்ளைகள். அண்ணனுக்குப் பின் தம்பி என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் மகுடம் பக்கவாட்டிலேயே நகர்ந்தது. தம்பிகள் தீர்ந்துபோகும் நாள் வந்தால் அடுத்த தலைமுறையில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்பதுதான் கேள்வி. 2017-ல் வெடித்தது அதுதான்.

இப்போது அப்படியே ஜெயங்கொண்டம் பக்கம் வாருங்கள்!

அரியலூர் மாவட்டம், கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திரன் தஞ்சையை விட்டுவிட்டுக் கட்டிய புதிய தலைநகரம். 1044-ல் ராஜேந்திரன் காலமானான். அவனுக்குப் பின் ஆண்டது யார் யார் தெரியுமா? மகன் ராஜாதிராஜன், அடுத்து தம்பி இரண்டாம் ராஜேந்திரன், அவனுக்குப் பின் அவன் தம்பி வீரராஜேந்திரன். மூன்று பேரும் அண்ணன் தம்பிகள்! 26 ஆண்டுகள் அண்ணனிடமிருந்து தம்பிக்கு மகுடம் போய்க்கொண்டே இருந்தது. 1070-ல் வீரராஜேந்திரனும் மறைந்தான், தம்பிகள் தீர்ந்தார்கள். அவன் மகன் அதிராஜேந்திரன் அரியணை ஏறினான். சில வாரங்களோ சில மாதங்களோதான், அவனும் போய்விட்டான்! பிற்காலச் சோழ மரபைத் தொடங்கிய விஜயாலயனின் ஆண்வழி நேரடி வாரிசு வரிசை அந்த இடத்தில் அறுந்தது.

எப்படிப் போனான்? அதைச் சொல்கிற கதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரிய ஆச்சரியம். காஷ்மீரத்தில் பிறந்து, தென்னகம் வந்து சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப் புலவனான பில்ஹணன் எழுதிய 'விக்கிரமாங்கதேவ சரிதம்' என்ற வடமொழிக் காவியத்திலிருந்து! விக்கிரமாதித்தன் யார்? வீரராஜேந்திரனின் மகளை மணந்தவன், அதிராஜேந்திரனுக்கு மச்சான். மாமனார் இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட அவன் காஞ்சியில் கலகக்காரர்களை அடக்கினான், கங்கைகொண்ட சோழபுரம் வந்தான், எதிரிகளை முறித்தான், மைத்துனனை அரியணையில் உறுதியாக உட்கார வைக்க ஒரு மாதம் போலத் தங்கினான். பிறகு துங்கபத்திரைக்குத் திரும்பினான். திரும்பிய சில நாளில் மறுபடியும் சேதி: புதுக் கலகத்தில் அதிராஜேந்திரன் உயிரிழந்தான், வேங்கியின் அரசன் ராஜிகன் சோழ அரியணையில் ஏறிவிட்டான்!

ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி போகிற சாலையில் இன்றைக்கு நாம் பேருந்தில் கடந்துபோகிறோமே, அந்த ஊரைப் பற்றித்தான் சாளுக்கிய அவையில் உட்கார்ந்து ஒரு காஷ்மீரப் புலவன் இவ்வளவு பதற்றமாக எழுதியிருக்கிறான்! இதை ஒவ்வொரு அரியலூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்த 'ராஜிகன்' யார்? அவன்தான் முதலாம் குலோத்துங்கன்! வெளியார் ஒருவன் வந்து பறித்துக்கொண்டான் என்று பில்ஹணன் பேசுகிறான். குடும்ப மரத்தை விரித்துப் பார்த்தால் தலை சுற்றும். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜ சோழன் தன் மகள் குந்தவையை (தமக்கை குந்தவை வேறு!) வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன். அவனுக்கு ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அவர்கள் மகன்தான் குலோத்துங்கன். அவனுக்கு இரண்டாம் ராஜேந்திரன் தன் மகள் மதுராந்தகியைக் கொடுத்தான். மூன்று தலைமுறையாகச் சோழப் பெண்கள் வேங்கிக்கு மருமகள்களாகப் போயிருக்கிறார்கள்! அப்பா வழியில் கீழைச் சாளுக்கியன். அம்மா வழியிலும் பாட்டி வழியிலும் மனைவி வழியிலும் சோழன். தாய்மாமன்கள் மூவரும் சோழ மன்னர்கள், அதில் ஒருவர் மாமனாரும்கூட. நம் ஊர்க் கல்யாணப் பந்தலில் உறவுமுறை சொல்வது போலவே இருக்கிறதா? அதேதான்.

அதைவிட வியப்பு, குலோத்துங்கனும் ஒரு வாரிசுச் சண்டையில் தோற்றவன்! அப்பா இறந்தபோது வேங்கி அரியணையைச் சிற்றப்பன் விஜயாதித்தன் பிடித்துக்கொண்டான். அப்பன் வீட்டு மகுடம் கைவிட்டுப் போனவனுக்கு அம்மா வீட்டு மகுடம் கிடைத்தது. 1070-ல் ஏறியவன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆண்டான், 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். மைத்துனனுக்காக ஓடிவந்த விக்கிரமாதித்தன் என்ன ஆனான்? 1076-ல் தன் சொந்த அண்ணன் இரண்டாம் சோமேசுவரனை இறக்கிவிட்டுத் தானே சாளுக்கிய அரியணையில் அமர்ந்தான், அந்த ஆண்டிலிருந்து தன் பெயரில் ஒரு புதிய சகாப்தத்தையே தொடங்கினான்!

சரி, அண்ணன் தம்பி முறை சோழர்களுக்குக் கேடு மட்டுந்தான் செய்ததா? இல்லவே இல்லை. இரண்டு யானைகளின் கதையைக் கேளுங்கள்.

949, தக்கோலம். முதலாம் பராந்தகனின் மூத்த மகன், பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே போரில் மாண்டான். சோழ நாடு சரிந்தது, அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் குழப்பம். 1054, கொப்பம். மன்னன் ராஜாதிராஜனும் யானை மேல்தான் மாண்டான், எதிரி சாளுக்கிய மன்னன், படை சிதறி ஓடத் தொடங்கியது. ஆனால் இளவரசுப் பட்டம் கட்டப்பட்டிருந்த தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே இருந்தான். பாய்ந்தான், திருப்பி அடித்தான், வென்றான், அந்தப் போர்க்களத்திலேயே மகுடம் சூட்டிக்கொண்டான்! அரியணை ஒரு நாள்கூடக் காலியாக இல்லை. அடுத்தவன் யார் என்பதை மன்னன் உயிரோடிருக்கும்போதே அறிவித்துவிட்டால் வரும் வலிமை அது. ராஜராஜன் 1012-லேயே ராஜேந்திரனை உடனாளும் அரசனாக்கினான். ராஜேந்திரன் 1018-லேயே ராஜாதிராஜனை அப்படி ஆக்கினான்.

ஆனால் அறிவிக்கப்பட்டவனுக்கே அது ஆபத்தும் ஆகிறது. பின் நயீஃப் அறிவிக்கப்பட்டவர்தான். ஜோர்டானிலும் அதே கதை. மன்னர் ஹுசேன் 1999 ஜனவரியில், சாவதற்குச் சில நாள் முன்பு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டத்து இளவரசராக இருந்த தம்பி ஹசனை நீக்கிவிட்டு மகன் அப்துல்லாவை அமர்த்தினார். அப்துல்லா தம்பி ஹம்சாவைப் பட்டத்து இளவரசராக்கி, 2004-ல் அதைப் பறித்து, 2009-ல் தன் மகனுக்குக் கொடுத்தார். 2021 ஏப்ரலில் ஹம்சா வீட்டுக் காவலில் இருந்தார்.

நம் மண்ணில் அப்படி அறிவிக்கப்பட்டு அழிந்தவன்? ஆதித்த கரிகாலன்!

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்கள், 2022-லும் 2023-லும் வந்த படங்களைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். சுந்தர சோழனின் மூத்த மகன், பாண்டியன் தலை கொண்டவன், இளவரசுப் பட்டம் பெற்றவன், கொலையானவன். கொன்றவர்கள் யார் என்று கல்லில் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள், தெரியுமா? அந்தக் கல்வெட்டு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலேயே, வீராணம் ஏரிக்கரை ஊரான காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது! ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை. சோமன், ரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் சொல்லி, துரோகிகள் என்று குறித்து, அவர்கள் உறவினர் வரை எல்லோர் சொத்தையும் பறிக்கச் சொல்கிறது. பட்டப் பெயரைக் கவனியுங்கள். அரசிடம் உயர்ந்த விருது பெற்ற அதிகாரிகளின் பட்டம் அது. அரண்மனைக்குள்ளிருந்தே வந்த கத்தி!

கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அந்த ஆணை வருகிறது. இடையில் ஆண்டவன் உத்தம சோழன், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை. அதனால் அவன் மேல் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரிக்குச் சந்தேகம் வந்தது, அதை மறுத்த அறிஞர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

கதையில் சதி செய்கிற பழுவேட்டரையர்கள் ஊர் எது? அதுவும் அரியலூர் மாவட்டம்தான்! திருச்சி சாலையில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இன்றும் பேருந்து நிற்கிற ஊர்கள். மேலப்பழுவூர் அருகே கீழையூரில் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்ற இரட்டைக் கோயில் நிற்கிறது, அழகு கொட்டிக் கிடக்கிறது, பார்க்க வருகிற கூட்டம்தான் இன்னும் போதவில்லை. நிஜப் பழுவேட்டரையர்கள் சோழருக்குப் பெண் கொடுத்த வீட்டார் என்பது தெரியுமா? பராந்தகன் மணந்த பழுவேட்டரையர் மகளுக்குப் பிறந்தவன் அரிஞ்சயன் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவன் பிள்ளைகள் ஆதித்த கரிகாலனும் ராஜராஜனும். அதாவது கொலையான இளவரசனின் அப்பாவுக்குப் பழுவூர் பாட்டி வீடு!

இன்னும் ஒன்று. ராஜராஜன் ஆட்சி வந்த பிறகும் பழுவூர்க் கோயில் கல்வெட்டுகளில் பழுவேட்டரையன் கண்டன் மறவன் தலைவனாகவே தொடர்கிறான். அண்ணனைக் கொன்றவர்களின் உறவினர் சொத்தைக்கூட விடாமல் பறித்தவன், பழுவூராரைத் தொடவில்லை. என் மனத்தில் பழுவேட்டரையர்கள் விடுதலையானது அந்தக் கல்வெட்டுகளால்தான். கல்கியின் பெரிய பழுவேட்டரையரை நானும் நேசிப்பவன், ஆனால் மேலப்பழுவூர்க்காரர்களைச் சதிகாரர் ஊர்க்காரர்கள் என்று யாராவது வேடிக்கையாகச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

உத்தம சோழனுக்கே வருவோம், ஏனென்றால் நெகிழ வைக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. குடிமக்கள் அருள்மொழியை அரசனாக்க விரும்பினார்கள், சிற்றப்பனுக்கு ஆட்சி மேல் ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அவன் விலகினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. அரசவைப் புலவர் எழுதியது, கொஞ்சம் மெருகு இருக்கும், சரி. ஆனால் நடந்தது என்ன? உத்தமன் ஆண்டான், 985-ல் அருள்மொழி ராஜராஜனாக வந்தான். உத்தமனுக்கு ஒரு மகன் இருந்தான், மதுராந்தகன் கண்டராதித்தன். அரியணைக்குப் போட்டியாக வந்திருக்கக்கூடிய அந்தப் பிள்ளையை ராஜராஜன் என்ன செய்தான் தெரியுமா? கோயில்களின் நிர்வாகத்தை மேற்பார்க்கும் பெரிய அதிகாரியாக வைத்துக்கொண்டான்! 1595-ல் துருக்கிய சுல்தான் மூன்றாம் மெஹ்மத் அரியணை ஏறியதும் 19 சகோதரர்களைக் கொன்றான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுநூறு ஆண்டு முன்னவன் நம் ராஜராஜன்.

உத்தமன் காலத்து அமைதிக்கு அரியலூரில் ஒரு சாட்சியும் இருக்கிறது. கொள்ளிடக் கரையில் கோவிந்தபுத்தூர் கங்காஜடாதரர் கோயில். அதைக் கற்றளியாக எடுத்தவன் உத்தமனின் அதிகாரி அம்பலவன் பழுவூர் நக்கன். இவனும் பழுவூர்க்காரன்தான்!

கங்கைகொண்ட சோழபுரம் போனால் வடக்கு வாசல் படிக்கருகில் உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியைத் தவறவிடாதீர்கள். சிவன் தன் கையாலேயே சண்டேசர் தலையில் கொன்றைமாலையைச் சுற்றுகிறார். பூசைக்கு வைத்த பாலை உதைத்த அப்பாவின் காலை வெட்டியவர் சண்டேசர். இனி உனக்கு நானே அப்பா என்று சிவன் ஏற்றுக்கொண்ட பிள்ளை. அந்தச் சிற்பத்தில் ராஜேந்திரனே இறைவன் கையால் முடி சூடுவதாகப் பல அறிஞர்கள் பார்க்கிறார்கள். அப்பா ஆண்ட தஞ்சையை விட்டு வந்து தனித் தலைநகர் கண்டவன், இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்! அவன் மனத்தில் என்ன ஓடியதோ, நினைக்க நினைக்கத் தீரவில்லை. 2004-ல் உலக மரபுச் சின்னமான இந்தக் கோயிலின் சுற்று மதிலை 1836-ல் கீழணை கட்டக் கல்லெடுக்க இடித்தார்கள் என்பதையும் அங்கே நின்று நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலிக்கும்.

குலோத்துங்கன் அரியணை ஏறி நூறாண்டு போலக் கழித்து மறுபடியும் ஒரு நெருக்கடி. இரண்டாம் ராஜராஜன் இறக்கும் தறுவாயில் அவன் பிள்ளைகளுக்கு வயது எவ்வளவு தெரியுமா? ஒன்றும் இரண்டும்! கைக்குழந்தைகளிடம் மகுடத்தைக் கொடுக்க முடியாது. அமைச்சர் பெருமானம்பிப் பல்லவராயர் குழந்தைகளைப் பத்திரமான ஊருக்குக் கொண்டுபோய்க் காத்தார். விக்கிரம சோழன் வழியில் வந்த எதிரிலிப் பெருமாளை அழைத்துவந்து இரண்டாம் ராஜாதிராஜன் என்று பட்டம் கட்டினார். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் இந்த வரலாறு இருக்கிறது. எதிரிலிப் பெருமாளை எங்கிருந்து அழைத்தார்கள்? கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து! சின்னக் குழந்தைகளை ஒருவரும் கொல்லவில்லை, ஒளித்துக் காப்பாற்றினார்கள். அரசியலில் இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அதே சமயத்தில் தெற்கே பாண்டிய நாட்டில் பராக்கிரமனுக்கும் குலசேகரனுக்கும் மதுரை யாருக்கு என்ற சண்டை. இலங்கைப் படை ஒரு பக்கம், சோழப் படை ஒரு பக்கம் என்று அது பெரும் போராகவே வெடித்தது.

பெரம்பலூர்க்காரர்கள் பொறுமை இழந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் பெரிய வெடி காத்திருக்கிறது!

ராபர்ட் கிளைவ் பின்வாங்கி ஓடிய போர் பெரம்பலூர் மாவட்டத்தில் நடந்தது, தெரியுமா? 1751, வாலிகண்டபுரம்! ஆங்கிலேயர் புத்தகங்களில் 'வோல்கொண்டா' என்று இருப்பதால் நம் ஊர் என்றே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

நடந்தது இரண்டடுக்கு வாரிசுச் சண்டை. 1748-ல் ஐதராபாத் நிஜாம் இறந்தார். மகன் நாசிர் ஜங்குக்கா, மகள் வயிற்றுப் பேரன் முசாஃபர் ஜங்குக்கா? 1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட்டார், 1751 பிப்ரவரியில் முசாஃபர் ஜங்கும் கொல்லப்பட்டார். இரண்டே மாதத்தில் இருவரும் காலி! அதற்குக் கீழே ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சண்டை. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி ஆங்கிலேயரைத் துணைக்குச் சேர்த்தார். முந்தைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரரைச் சேர்த்தார். திருச்சி நாயக்கர் அரசில் ராணி மீனாட்சிக்கும் வங்காரு திருமலைக்கும் நடந்த வாரிசுத் தகராறில் நடுவில் புகுந்து ராணியை ஏமாற்றித் திருச்சியை விழுங்கியவரும் இதே சந்தா சாகிப்தான்!

சந்தா சாகிப் திருச்சியை நோக்கி வருகிறார், தடுக்க ஆங்கிலேயர் வாலிகண்டபுரத்தில் நிற்கிறார்கள். நடுவில் கோட்டை. சென்னை நெடுஞ்சாலையில் போகும்போது அகழியும் அடுக்கு மதிலுமாகத் தெரிகிறதே, அந்த ரஞ்சன்குடிக் கோட்டையைத்தான் இந்தப் போரோடு சேர்த்துச் சொல்வார்கள். கோட்டைக்காரரான கில்லேதாரிடம் இரண்டு தரப்பும் பேரம் பேசுகிறது. அவர் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை! எவன் ஜெயிப்பான் என்று தெரியாமல் கதவைத் திறந்தால் தலை போகும் அல்லவா? நாள்கள் போகின்றன. பொறுமை இழந்த ஆங்கிலத் தளபதி ஜின்ஜன் ஊரைத் தாக்கினார். உடனே கோட்டை அவர்கள் மேல் சுட்டது, சந்தா சாகிப் படையும் சேர்ந்துகொண்டது, ஆங்கிலப் படை பீதியில் குலைந்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓடியது. அந்தப் படையில் சரக்குப் பொறுப்பாளராக இருந்தவர்தான் கிளைவ். அதே ஆண்டில்தான் அவர் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கினார்.

வாலிகண்டபுரத்தின் தலபுராணமோ சிலிர்க்க வைக்கிறது. வாலி வழிபட்டதாகச் சொல்லப்படும் வாலீசுவரர் கோயில் ஊர் இது. கிஷ்கிந்தை அரியணைக்காகத் தம்பி சுக்ரீவனோடு மோதி மாண்ட அதே வாலி!

1752 ஜூனில் அதே வாலிகண்டபுரத்துக்குக் கிளைவ் திரும்பி வந்தார். இம்முறை பிரெஞ்சுத் தளபதி தெத்தேல் அவரிடம் சரணடைந்தார். அதே மாதம் சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானாஜியிடம் சிக்கித் தலை வெட்டப்பட்டார். முகமது அலி வென்றார், 1795 வரை நவாபாக இருந்தார். அவர் மகன் 1801 ஜூலையில் இறந்ததும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனி என்ன செய்தது தெரியுமா? பேரன் அலி உசேன் நாட்டை எழுதித் தர மறுத்தான். அவனை ஒதுக்கிவிட்டு, கையெழுத்துப் போடச் சம்மதித்த அசீமுத் தௌலாவை நவாப் என்று அறிவித்தது. பட்டம் அவருக்கு, கர்நாடகம் முழுவதும் கும்பெனிக்கு. பெரம்பலூரும் அரியலூரும் அந்தக் கையெழுத்தோடு சேர்ந்தே போயின.